காலாவதியான பதில்கள்

டெண்டருக்குக் கடைசி நாள். பிற்பகல் 3 மணிக்குக் கெடு. டில்லி ஓக்லாவில் இருந்தாலும் சரி, பெங்களூர் பீன்யாவில் இருந்தாலும் சரி, புனேயை ஒட்டிய போசரியில் இருந்தாலும் சரி, நாற்பது ஐம்பது பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியின் ஆபீஸ் அன்று காலை ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாளி போனில் ஆடிட்டரைத் துரத்திக்கொண்டிருப்பார். டெண்டர் வேலை பார்க்கும் பையன் முந்தைய இரவு வீட்டுக்கே போயிருக்க மாட்டான். ஸ்கேனர் சூடாகிக் கிடக்கும். "போன வருஷம் ஒரு டெண்டருக்கு நம்ம கம்பெனியைப் பற்றி அழகா எழுதினோமே, அது எங்கே?" என்று முதலாளி கேட்பார். "'ஃபைனல்'னு ஒண்ணு இருக்கு சார். 'ஃபைனல் நியூ'ன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுல எது சார் கடைசி?" என்று பதில் வரும். முதலாளிக்கும் தெரியாது. இரண்டில் ஒன்றைத் திறந்து, வாடிக்கையாளர் பெயரை மட்டும் மாற்றி, டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு, 2.50-க்கு ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

இத்தனைக்கும் அவகாசம் கிடைக்காமல் இல்லை. டெண்டர் அறிவிப்பு வந்த நாளிலிருந்து சாதாரணமாகக் குறைந்தது மூன்று வாரம் தர வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகள். அந்த மூன்று வாரத்தில் வேலையைப் பற்றி யோசித்த நேரம் எவ்வளவு, காகிதம் தேடிய நேரம் எவ்வளவு என்று கணக்கெடுத்தால் முதலாளிகள் வெட்கப்படுவார்கள். உறையில் போட்டு அரக்கு வைத்து, அதிகாரியின் அறை வாசலில் இருந்த பெட்டியில் கொண்டுபோய்ப் போட்ட காலத்திலும் இதே ஓட்டம்தான். பிறகு மத்திய அரசின் கொள்முதல் இணையதளம் வந்தது. 2016-ல் 'ஜெம்' என்கிற அரசு மின்சந்தை வந்தது. அரக்கு போயிற்று. தேடல் போகவில்லை.

இந்தத் தேடலுக்கு முடிவு கட்டும் யோசனை ஒன்றும் புதிதல்ல. டெண்டர்களில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. உங்கள் கம்பெனி எப்போது தொடங்கியது? எத்தனை பேர்? இதே மாதிரி வேலை எங்கே செய்தீர்கள்? தரத்தை எப்படிச் சோதிப்பீர்கள்? விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் நல்ல பதிலை ஒரு முறை உட்கார்ந்து எழுதி, உரிய காகிதங்களோடு ஓரிடத்தில் வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது எடுத்துப் போடலாம். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்து, மென்பொருள் வாங்கி, 'கன்டென்ட் லைப்ரரி' என்று பெயரும் சூட்டியிருக்கின்றன. சிறிய கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் ஃபோல்டரும் ஒரு எக்ஸெல் தாளும் போதும். பதில் களஞ்சியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படி எடுத்து ஒட்டும் வாசகங்களுக்கு ஆங்கிலத்தில் 'பாய்லர்பிளேட்' என்று பெயர். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கு யாரோ எழுதிய கட்டுரைகளையும் விளம்பரங்களையும் அச்சுக்குத் தயாரான உலோகத் தகடாகவே வார்த்து அனுப்பிவந்தார்கள். வந்த தகட்டை அப்படியே அச்சில் ஏற்ற வேண்டியதுதான். ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. கொதிகலன் செய்யும் இரும்புத் தகட்டை நினைவுபடுத்தியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். நம் கோர்ட் வாசல் டைப்பிஸ்டுகளிடமும் இப்படி ஒரு கட்டு எப்போதும் உண்டு. மனுதாரர் பெயர் மட்டும்தான் மாறும்.

தகட்டின் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எழுதியது மாறாது, ஊர் மாறிவிடும்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் தொழில் நடத்தியவர்கள் தங்கள் பழைய டெண்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தால் புரியும். அதில் சேவை வரிப் பதிவு எண் இருக்கும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. சிறுதொழில் என்பதற்கு உத்யோக் ஆதார் இருக்கும். 2020 ஜூலையில் உத்யம் பதிவு வந்தது. தரச் சான்றிதழ் ஐஎஸ்ஓ 9001-ன் 2008 பதிப்பாக இருக்கும். 2018 செப்டம்பரோடு அது செல்லாமல் போயிற்று. பிரமாணப் பத்திரத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. 'நாங்கள் சிறு நிறுவனம்' என்ற வாசகம்கூட நிலையானதல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்தின் விற்றுமுதல் வரம்பு ரூ. 50 கோடியிலிருந்து ரூ. 100 கோடியாக உயர்ந்தது. நேற்றுவரை நடுத்தரம் என்று எழுதியவர்களில் பலர் இன்று சிறு நிறுவனம். முன்வைப்புத் தொகையில் விலக்குப் போன்ற சலுகை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆள் சப்ளை செய்யும் கம்பெனிகளின் பாடு இன்னும் மோசம். 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்து 29 பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றி அவர்கள் வைத்திருந்த அத்தனை ஆயத்தப் பதில்களையும் உட்கார்ந்து திருத்த வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் ஊரறிந்த மாற்றங்கள், எப்படியோ கண்ணில் பட்டுவிடும். சத்தமில்லாமல் செத்துப்போகும் காகிதங்கள் வேறு. அதில் முதலிடம் அனுபவச் சான்றிதழுக்கு.

சிவில், மின்சார வேலைகளில் யாரைத் தகுதியானவராக எடுத்துக்கொள்வது என்பதற்கு மத்திய விஜிலன்ஸ் கமிஷன் 2002 டிசம்பரில் ஒரு குறிப்பு அனுப்பியது. இன்றும் நாடு முழுவதும் பல டெண்டர்களில் அதன் சாயலைப் பார்க்கலாம். டெண்டர் கோரும் மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளோடு முடியும் 7 ஆண்டுகளில், இதே போன்ற வேலை செய்திருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாத மூன்று வேலைகள், அல்லது 50 சதவீதத்துக்கு இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்கு ஒன்று. மதிப்பீடு ரூ. 1 கோடி என்றால் ரூ. 40 லட்சத்தில் மூன்று, அல்லது ரூ. 50 லட்சத்தில் இரண்டு, அல்லது ரூ. 80 லட்சத்தில் ஒன்று.

இதை ஒரு காலண்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் பெருமைக்குரிய வேலை 2018 மார்ச் 20-ல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் வந்த டெண்டருக்கு அது செல்லும். கணக்கு 2018 மார்ச் 1-லிருந்து தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் வந்த டெண்டருக்குச் செல்லாது. கணக்கு 2018 ஏப்ரல் 1-லிருந்து. அதே வேலை, அதே சான்றிதழ், அதே அதிகாரியின் கையெழுத்து. ஒரு மாதத்தில் மதிப்பு பூஜ்யம். முதலாளியோ அந்த வேலையின் போட்டோவை ஆபீஸ் வரவேற்பறையில் பெரிதாக மாட்டி வைத்திருப்பார். டெண்டர் பையனும் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பான்.

இன்னொரு பக்கம், சில காகிதங்களின் மதிப்பு கூடிக்கொண்டும் போகும். மத்திய பொதுப்பணித் துறையின் டெண்டர்களில், முடித்த வேலையின் தொகையை ஆண்டுக்கு 7 சதவீதம் என்று தனி வட்டிக் கணக்கில் உயர்த்தி இன்றைய மதிப்பாக்கிப் பார்ப்பது வழக்கம். 3 ஆண்டுக்கு முன் ரூ. 2 கோடிக்கு முடித்த வேலை இன்று ரூ. 2.42 கோடி. தகுதி ரூ. 2.4 கோடி என்றால், இந்த விதி தெரிந்தவர் உள்ளே இருப்பார். தெரியாதவர் டெண்டரையே வாங்கியிருக்க மாட்டார். களஞ்சியத்தில் 'சுமார் ரூ. 2 கோடி மதிப்புள்ள வேலை' என்று எழுதி வைத்திருப்பவர் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. துல்லியமான தொகையும் முடிந்த தேதியும் வேண்டும்.

ஆக, அனுபவம் பற்றிய ஒவ்வொரு குறிப்பும் ஒரு சீட்டாக இருப்பதுதான் சரி. யாருக்கு, எங்கே, என்ன வேலை, என்ன அளவு. ஆர்டர் தேதி, முடிந்த தேதி. ஆர்டர் தொகை, கடைசியில் பில் ஆன தொகை. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஆர்டர் நகல், முடிவுச் சான்றிதழ். தனியாருக்குச் செய்த வேலை என்றால் டிடிஎஸ் சான்றிதழும், ஏனென்றால் அது இல்லாமல் தனியார் அனுபவத்தைப் பல துறைகள் ஏற்பதில்லை. கூட்டாகச் செய்த வேலையானால் நம் பங்கு எத்தனை சதவீதம் என்பதும். அழகான வர்ணனை ஒரு வரிகூடத் தேவையில்லை. முடிவுச் சான்றிதழை வேலை முடிந்த மாதமே கேட்டு வாங்கிவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்துப் போனால் அந்த என்ஜினியர் ராஞ்சிக்கோ குவாஹாட்டிக்கோ மாறிப்போயிருப்பார். புதிதாக வந்தவர் தான் பார்க்காத வேலைக்கு ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்றிதழ் அடுத்த தலைவலி. 2019 பிப்ரவரி 1 முதல் ஆடிட்டர்கள் தரும் சான்றிதழ்களில் 'யூடின்' என்கிற தனி எண் கட்டாயம். அந்த எண்ணைத் தட்டி, சான்றிதழ் உண்மையா என்று அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். பழைய சான்றிதழில் வருடத்தை மட்டும் திருத்தி ஸ்கேன் செய்கிற 'சாமர்த்தியம்' அதோடு முடிந்தது.

காகிதம் செத்தால் டெண்டர் போகும், அவ்வளவுதான். ஆனால் ஆட்களைப் பற்றிய பதில் செத்தால் விவகாரம் வேறு. கன்சல்டன்சி டெண்டர்களில் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மார்க் போடும் முறை உண்டு. தரத்துக்கு அதிகபட்சம் 80 சதவீதம்வரை கொடுக்கலாம் என்கின்றன பொது நிதி விதிகள். அந்த மார்க்கில் கணிசமான பங்கு, வேலையைச் செய்யப்போகும் நிபுணர்களின் பயோடேட்டாவுக்கு. களஞ்சியத்தில் முப்பது பயோடேட்டா இருக்கும். அதில் எத்தனை பேர் இன்னும் அந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள்? ஒருவர் துபாய் போய் இரண்டு வருஷமாகியிருக்கும். இன்னொருவர் போட்டிக் கம்பெனியில் சேர்ந்து, அதே டெண்டருக்கு அந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இருப்பார். ஒரே ஆள் இரண்டு கவர்களில் தலைகாட்டினால் மதிப்பீட்டுக் குழு சிரித்துவிட்டு விட்டுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். உலக வங்கிப் பணத்தில் நடக்கும் வேலைகளில் நிபுணரே கையெழுத்திட்டு, தவறான தகவல் தந்தால் தகுதி இழக்க நேரும் என்பது தெரியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பொது நிதி விதிகளில் 175-ஆவது விதி நேர்மை நெறி பற்றியது. டெண்டரில் கலந்துகொள்ளவோ ஒப்பந்தத்தைப் பெறவோ பொய்யான உறுதிமொழி, பொய்யான தகவல் தருவது அதன்படி மீறல். 151-ஆவது விதி தண்டனையைச் சொல்கிறது. நெறியை மீறியவர் என்று கண்டால் 2 ஆண்டுகளுக்கு மிகாமல் தடை செய்யலாம். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் தடை. ஆனால் அந்த வாய்ப்பில் என்ன சொல்வது? "பழைய ஃபைலிலிருந்து தவறுதலாக வந்துவிட்டது" என்றா? ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, சோம்பேறித்தனமா என்பது காகிதத்தைப் பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டு ஆண்டு அரசு வேலை இல்லை என்றால் நாற்பது பேர் கம்பெனியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? தடைக்காலம் முடிந்தாலும் நிழல் விடாது. இதற்கு முன் எங்காவது தடை செய்யப்பட்டீர்களா என்று கேட்காத டெண்டர் அரிது.

களஞ்சியத்தில் எதை வைக்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் எதை வைக்கக் கூடாது என்று யோசிப்பதில்லை. டெண்டர் கொடுப்பவரின் படிவங்கள் முதல் விலக்கு. ஒப்புதல் கடிதம், வங்கி உத்தரவாதம், பிரமாணப் பத்திரம் இவற்றின் வாசகம் அவருடையது, நம்முடையதல்ல. ஒவ்வொரு முறையும் புது டெண்டரிலிருந்தே எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் காலம் எப்படி இறுகியிருக்கிறது என்பது தெரியும். 1991-ல் போத்தார் ஸ்டீல் வழக்கு. வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் டெண்டரில் முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி டிராஃப்டாகவோ கட்டாமல், யூனியன் வங்கியின் சான்றளிக்கப்பட்ட காசோலையாகக் கொடுத்திருந்தார்கள். இது துணை நிபந்தனைதான், துறை தளர்த்தலாம் என்றது நீதிமன்றம். 2016-ல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கு. வங்கி உத்தரவாதம் நிர்ணயித்த படிவத்தில் இல்லை என்று ஒரு கூட்டு நிறுவனத்தின் டெண்டரை நிராகரித்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் கூட்டு நிறுவனத்தின் பக்கம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிராகரித்தது சரிதான் என்றது. எந்த நிபந்தனை முக்கியம், எது துணை என்று தீர்மானிப்பது டெண்டர் விட்டவரின் உரிமை என்ற பக்கமே சட்டம் சாய்ந்திருக்கிறது. "போன தடவை இதே படிவம்தானே கொடுத்தோம்" என்பது வாதமாகாது.

விலையும் களஞ்சியத்தில் வேண்டாம். தொழில்நுட்ப உறை, விலை உறை என இரண்டு உறை முறையில், தொழில்நுட்ப உறைக்குள் விலை தெரிந்துவிட்டால் டெண்டர் காலி. பழைய கடிதத்தை அப்படியே ஒட்டும்போது கடைசிப் பத்தியில் பழைய விலையும் சேர்ந்து போவது நடக்கிற காரியம்தான்.

மூன்றாவது விலக்கு பலருக்குக் கசக்கும். 'இந்த வேலையை நாங்கள் எப்படிச் செய்வோம்' என்ற பகுதி. அதுதான் எழுதக் கடினம், அதனால் அதைத்தான் எல்லோரும் முதலில் சேமிக்கிறார்கள். துப்புரவுப் பணி செய்யும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். ரயில் நிலையத்துக்கு எழுதிய திட்டம் கையில் இருக்கிறது. பிளாட்பாரத்தை எத்தனை முறை கழுவுவது, இரவு ஷிப்டில் எத்தனை பேர், எந்த இயந்திரம் என்று நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். இப்போது ஓர் அரசு ஆஸ்பத்திரி டெண்டர். பிளாட்பாரம் என்ற இடத்திலெல்லாம் வார்டு என்று மாற்றி ஏற்றினால் என்ன ஆகும்? 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எது மஞ்சள் பையில், எது சிவப்பில், ஊசி எந்தப் பெட்டியில், உடைந்த கண்ணாடி எதில், கை வெட்டுப்பட்ட துப்புரவுப் பெண்ணை உடனே யாரிடம் கொண்டுபோவது எதுவும் இருக்காது. படிக்கிற டாக்டருக்கு இரண்டாவது பக்கத்திலேயே விஷயம் புரிந்துவிடும். ஒருவேளை புரியாமல் போய் வேலையும் கிடைத்துவிட்டால், எழுதியவர்களுக்கே தெரியாத ஒரு வேலைக்கு அந்தப் பெண் கையுறை இல்லாமல் போய் நிற்பாள். டெண்டரில் எழுதுவது வெறும் எழுத்து என்று நினைப்பவர்கள் மறக்கும் ஆள் அவள்தான்.

இந்தப் பகுதிக்குக் களஞ்சியத்தில் வைக்கத் தகுந்தது கேள்விப் பட்டியல்தான். இடத்தைப் போய்ப் பார்த்தோமா? எத்தனை சதுர அடி? தண்ணீர் எப்போது வரும்? கழிவை யார் எடுத்துப் போகிறார்கள்? முந்தைய ஒப்பந்தக்காரர் மேல் என்ன புகார்? பதிலை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும். காகிதம் தேடுவதில் மிச்சமாகும் பத்து நாளை இதற்குச் செலவழிப்பதற்காகத்தான் களஞ்சியமே.

தொடங்குவது எப்படி என்று கேட்டால், பதில்களிலிருந்து தொடங்கக் கூடாது. பலர் செய்கிற தவறு, பழைய டெண்டர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, களஞ்சியம் தயார் என்று அறிவிப்பது. அது குப்பைக் கிடங்கு. கடைசியாகப் போட்ட பத்து டெண்டர்களை எடுத்து, அவர்கள் கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும். தோற்றவையும் அதில் அவசியம் இருக்க வேண்டும். ஏன் நிராகரித்தார்கள் என்ற காரணம், எழுதிய பதிலைவிட மதிப்பு வாய்ந்தது. மூன்று முறைக்கு மேல் வந்த கேள்விகளுக்கு மட்டும் முதலில் பதில் எழுதினால் போதும். ஒரு சிறிய கம்பெனிக்கு அது இருபது முப்பதைத் தாண்டாது. ஒவ்வொரு பதிலும் இரண்டு அளவில் வேண்டும். அரைப் பக்கம் ஒன்று, நான்கு வரி ஒன்று. ஜெம் தளத்தில் அரைப் பக்கத்துக்கு இடமிருக்காது, கன்சல்டன்சி டெண்டரில் நான்கு வரி போதாது. எழுதும்போதே வாடிக்கையாளர் பெயர், ஊர் பெயர் எதுவும் உள்ளே வராமல், அந்த இடங்களை மஞ்சள் பூசிக் காலியாக விட வேண்டும். ஒரு துறைக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு துறையின் பெயர் தொங்குவது டெண்டர் உலகின் பழைய நகைச்சுவை. எழுதியவருக்கு மட்டும் சிரிப்பு வராது.

பதிலின் கீழே மூன்று விவரம். ஆதாரம் எந்தக் காகிதம்? எந்தத் தேதிவரை செல்லும்? யார் பொறுப்பு? முதல் இரண்டை எல்லோரும் ஏற்பார்கள். மூன்றாவதில்தான் தகராறு வரும். டெண்டர் பையன் தலையில் மொத்தத்தையும் கட்டிவிடுவது முதலாளிகளின் வழக்கம். பாதுகாப்பு பற்றி எழுதியிருப்பது இன்னும் உண்மையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் சைட் சூப்பர்வைசர். ஆட்கள் எண்ணிக்கை தெரிந்தவர் சம்பளப் பட்டியல் போடும் அம்மா. வங்கிக் கடன் வரம்பு தெரிந்தவர் அக்கவுண்டன்ட். அவரவர் பதிலை அவரவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை படித்துப் பார்த்து, சரி என்று தேதி போட வேண்டும். அரை மணி நேர வேலை. சூப்பர்வைசர் படிக்கும்போது, "தினமும் காலையில் பாதுகாப்பு வகுப்பு நடக்கிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "யார் சார் நடத்துறா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கே அரை மணி தகும். ஒன்று வகுப்பை நடத்த வேண்டும், அல்லது வாக்கியத்தை எடுக்க வேண்டும்.

தேதி தாண்டிய பதிலை அழிக்கவும் கூடாது, அதே இடத்தில் விடவும் கூடாது. தனி ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். டெண்டரில் என்ன சொன்னோம் என்று நான்கு வருஷம் கழித்து ஆடிட்டிலோ கோர்ட்டிலோ கேட்பார்கள். அப்போது அன்று அனுப்பிய நகல் கையில் இருக்க வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டெண்டரைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது பக்கம் எழுதித் தரும் மென்பொருள்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்குத் தீனி இதே களஞ்சியம். 2018-ல் முடிந்த வேலையையும் துபாய் போன என்ஜினியரையும் உள்ளே வைத்திருந்தால் அவற்றையே இன்னும் அழகான நடையில் எழுதித் தரும். இல்லாததை எழுதவும் தயங்காது. 2025-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய கன்சல்டன்சி கம்பெனி அந்நாட்டு அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இல்லவே இல்லாத ஆய்வுகளும் ஒரு தீர்ப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்ன போலி மேற்கோளும் இருப்பது தெரிய வந்தது. சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பெரிய கம்பெனி என்பதால் தாங்கிக்கொண்டது. முன்பு டெண்டர் பையன் அவசரத்தில் செய்த பிழைகள் பிழையாகவே கண்ணில் பட்டன. இப்போது இலக்கண சுத்தமாக வருவதால் முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்.

இதில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று, அந்தப் பையன். எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எந்தத் துறை எதைக் கேட்டு நிராகரிக்கும், டிஜிட்டல் கையெழுத்து எந்த மாதம் காலாவதி என்பதெல்லாம் அவன் தலையில் இருக்கிறது. பல கம்பெனிகளில் அவனே களஞ்சியம். சம்பளம் ரூ. 5,000 கூட்டிக் கொடுத்தால் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவான். அவன் போன மறுவாரம் வரும் டெண்டருக்கு, முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ' இரண்டையும் மாறி மாறித் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவனுக்கே போன் போடுவார். பெரும்பாலும் அவன் எடுத்துப் பதில் சொல்வான். பழகிய தோஷம்.